காலிக் குழி

செல்லே போடாத குழிகளில் ஊதா நிறம் ஏறியிருந்தது.

கேத்ரின் தட்டைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். உள்ளங்கை அகலப் பிளாஸ்டிக் தட்டு. அதில் வரிசை வரிசையாகச் சுண்டைக்காய் அளவில் குழிகள். குழிகளில் வாய்ப்புற்றுச் செல்களை வளர்த்து, மருந்து விட்டு, பிறகு ஒரு மஞ்சள் சாயத்தை ஊற்ற வேண்டும். உயிரோடு இருக்கும் செல் அந்த மஞ்சளை ஊதாவாக்கிவிடும். செத்த செல்லால் அது முடியாது, மஞ்சள் மஞ்சளாகவே நிற்கும். அவ்வளவுதான் சங்கதி. இன்று மருந்து விட்ட வரிசை முழுக்கப் பளிச்சென்று மஞ்சள். அவள் ஒரு வருடமாகக் காணத் தவம் கிடந்த மஞ்சள். ஆனால் அதை ஒட்டி ஒரு காலி வரிசை இருக்கிறதே, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் செல் எதுவும் போடாமல் வெறும் வளர்ப்பு நீர் மட்டும் விட்டு வைத்த வரிசை, அது நாவல்பழத்தைப் பிழிந்து விட்டது போல் இருந்தது.

“சனியனே,” என்றாள் தட்டிடம்.

ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற சாலையில் இருக்கும் அந்தத் தனியார் கல்லூரியில் அவளுக்கு வேலையே இதுதான்: உயிரினங்களில் இருந்து எடுக்கும் நாட்டு மருந்துகளில் புற்றைக் கொல்லும் பொருள் ஏதாவது இருக்கிறதா என்று தேடுவது. நத்தையை வேகவைத்து வடித்தாள். நண்டு ஓட்டைச் சுட்டுப் பொடித்தாள். ஆட்டுப் பித்தநீர், கிளிஞ்சல் பற்பம், கோழிமுட்டை ஓடு என்று கைக்குக் கிடைத்ததை எல்லாம் செல்களுக்குக் கொடுத்துப் பார்த்தாள். அவை ஒன்றையும் சட்டை செய்யவில்லை. சிலதைத் தின்று கொழுத்தன. கடைசியில், ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் ஒருவர் காய்ச்சி விற்கும் பூநாகத் தைலத்துக்கு வந்து சேர்ந்தாள். பூநாகம் என்றால் வேறொன்றுமில்லை, மண்புழு. மாந்தோப்பில் தோண்டி எடுத்து, மோரில் விட்டு, வயிற்றில் இருக்கும் மண்ணை எல்லாம் கக்கவைத்து, நல்லெண்ணெயில் காய்ச்சுவார்கள். அந்தப் புட்டியைத் திறந்த அன்று ஈர மண்ணும் புளித்த மோரும் கலந்த ஒரு வாடை ஆய்வுக்கூடத்தில் சாயங்காலம் வரை நின்றது.

“எல்லாம் சரிம்மா, காலிக் குழி கெட்டுப்போயிருக்கே,” என்றார் தனுஷ்கோடி. அவர்தான் அவளுடைய வழிகாட்டி. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் தட்டைப் பார்த்தார். “அது சுத்தமா இல்லேன்னா இந்தத் தட்டுல ஒரு எண்ணுக்கும் மதிப்பு இல்ல. தூக்கிப் போட்டுட்டுத் திரும்பச் செய்யுங்க.”

“சார், மருந்து விட்ட வரிசையப் பாருங்க சார். ஒரு குழியில கூட உயிர் இல்ல.”

“பாத்தேன். கை தடுமாறிப் பக்கத்துல ஊத்தியிருக்கீங்க. வீட்டுல உங்க நெலம அப்படி. கொஞ்ச நாளு லீவு போட்டுட்டு வாங்களேன்.”

அந்த அனுதாபம்தான் அவளுக்கு ஆகவே ஆகாது. கை தடுமாறியதாம்! அவளுக்கு வந்த ஆத்திரத்தில் தட்டை அவர் மேஜையிலேயே வீசிவிட்டு வந்திருப்பாள். லீவு போட்டு அவள் எங்கே போவது? ராஜபாளையத்தில் வீட்டில் அவள் புருசன் ஸ்டெபின் கிடந்தான்.

ஸ்டெபின் போலீஸ் ஏட்டு. ராத்திரிக் காவலில் தூக்கம் வராமல் இருக்க இடது கன்னத்தில் பாக்குத் தூளை அடக்கி அடக்கியே அந்தக் கன்னத்தைத் தின்னக் கொடுத்தவன். மதுரையில் அறுத்து எடுத்தார்கள். தையல் காயுமுன் தையலுக்கு உள்ளிருந்தே கட்டி மறுபடி தலையை நீட்டியது. “இனி வீட்டுல வச்சு வலி இல்லாமப் பாத்துக்கிடுங்க” என்று பெரிய டாக்டர் சொன்னார். மாடியில்லாத அந்தச் சின்ன வீட்டில், சத்திரப்பட்டித் தறியில் இருந்து வாங்கிய கட்டுத்துணி உருளையும், புண்ணின் அழுகல் வாடையும், கடைவாயில் ஒழுகிய கஞ்சியும், பக்கத்து வீட்டுச் சப்பட்டை மாம்பழ வாசமுமாகக் கத்திரி வெயில் கொதித்துக்கொண்டிருந்தது. வெக்கைக்காக ஜன்னலில் ஈரத்துணி கட்டியிருந்தாள்.

அவன் சாகக் கூடாது. அவளுக்கு வேண்டியது இந்த உலகத்தில் அந்த ஒன்றுதான். எண்ணுக்கு மதிப்பில்லாமல் போகட்டும், மஞ்சளை அவள் கண்ணால் பார்த்திருந்தாள். அன்று சாயங்காலமே புட்டியில் மிச்சம் இருந்த தைலத்தில் பாதியை ஒரு குப்பியில் ஊற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள்.

“என்ன எழவுட்டி இது? வயக்காட்டு வாட அடிக்கி.”

“மூட்டுவலித் தைலம். பேசாம இருங்க.”

“மூட்டு கன்னத்துலயா இருக்கு?” என்று சிரிக்கப் போய், வலியில் முகத்தைச் சுளித்துக்கொண்டான்.

தினமும் தடவினாள். அவன் பக்கத்திலேயே படுத்து, தூங்கும்போது கட்டியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். ஒரு மாற்றமும் இல்லை. கல் கல்லாகவே இருந்தது. பொய்யா அப்போது? அந்த மஞ்சள் பொய்யா? யாரைத் திட்டுவது என்று தெரியாமல் புழுவைத் திட்டினாள், தனுஷ்கோடியைத் திட்டினாள், ஜெபம் பண்ண உட்கார்ந்து அங்கேயும் சண்டைக்குப் போனாள்.

ஆய்வுக்கூடத்தில் திரும்பச் செய்தாள். அதே ஊதா. கையுறை, குழாய், வளர்ப்பு நீர், எல்லாவற்றையும் மாற்றினாள். அதே ஊதா. கூட வேலை பார்க்கும் வெங்கடேஸ்வரியைச் செய்யச் சொன்னாள். அவள் கையில் ஒரு சொட்டு சிந்தாது.

அவளுக்கும் ஊதாதான். தட்டை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்துவிட்டு வெங்கடேஸ்வரி தெலுங்கில் என்னவோ முணுமுணுத்தாள். “ஏட்டி, உன் செல்லுக்குக் காலு மொளைச்சிருச்சு. காலிக் குழியில குடும்பம் நடத்துது பாரு.”

கேத்ரின் கண்ணை வைத்துப் பார்த்தாள். நன்றாகக் கொழுத்த செல்கள். ஒன்றை ஒன்று ஒட்டிக்கொண்டு, அசையாமல், இடம் பிடித்து உட்கார்ந்திருந்தன. குழிகளுக்கு நடுவே இருந்த பிளாஸ்டிக் சுவரில் ஒரு கீறல்கூட இல்லை.

அதன் பிறகு அவள் யாரிடமும் சொல்லாமல் ஒரு வேலை செய்தாள். காலி வரிசையை இடம் மாற்றி மாற்றி வைத்தாள். தட்டின் அந்தக் கோடிக்குத் தள்ளி வைத்தால் ஊதா அங்கே போகவில்லை. அப்போது மருந்து விட்ட குழியிலேயே செல்கள் உயிரோடு நின்றன. பக்கத்துக் குழியில் வேறு செல் இருந்தாலும் போகவில்லை. ஒட்டினாற்போல் காலி இடம் ஒன்று இருந்தால் மட்டும் போனது. தைலம் எதையும் கொல்லவில்லை. கிளப்பி மட்டும் விட்டது.

நேரே மடவார் வளாகத்துக்குப் பஸ் ஏறினாள். வைத்தியநாத சாமி கோயிலுக்குப் பின்னால் தைலம் காய்ச்சும் மொக்கைச்சாமியின் கடை. அவர் செல்போனில் எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டே அவளுக்கு ஸ்டூலை நகர்த்திப் போட்டார்.

“புத்துக்கா? யாரும்மா சொன்னா? நான் மூட்டுவலிக்குல்லா விக்கேன். எங்கப்பா காய்ச்சுனாரு, நானும் காய்ச்சுதேன்.”

“இது உள்ள போயி என்ன செய்யும்?”

“வலிய எடுத்துரும்.”

“எடுத்து எங்க வைக்கும்?”

அவர் போனில் இருந்து கண்ணை எடுத்து, இவளுக்கு ஏதும் கோளாறா என்பது போல் பார்த்தார். “அது நமக்கெதுக்கு? போனாச் சரிதான? இன்னொரு புட்டி தரட்டா?”

வாங்கிக்கொண்டாள். பஸ்ஸில் வரும் வழி எல்லாம் யோசித்தாள். ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் வரும்போது முடிவு செய்துவிட்டாள். இத்தனை நாள் தைலம் ஏன் வேலை செய்யவில்லை? அவன் பக்கத்தில் அவள் படுத்திருந்தாள். பக்கத்துக் குழி நிறைந்திருந்தது. அவ்வளவுதானே! இரண்டு கட்டிலைச் சேர்த்துப் போட்டுத்தான் அவர்கள் படுப்பது. தன் கட்டிலைக் காலியாக விட்டால் கட்டி கிளம்பி அங்கே வரட்டும். தட்டில் வளர்ப்பு நீர் இருந்தது, பிழைத்தது. மெத்தையில் என்ன இருக்கிறது? பிடுங்கிப் போட்ட களை மாதிரி வாடிச் செத்துப்போகும். வேறெந்த மனுசரும் அதன் பக்கத்தில் இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும். ஆய்வுக்கூடத்து மூளைக்கு அது மிகச் சரியாகப் பட்டது.

“இன்னைல இருந்து நான் முன் ரூம்ல படுக்கேன்,” என்றாள்.

ஸ்டெபின் அவளையே பார்த்தான். “வாட தாங்கலயாட்டி?”

“அது இல்லங்க. உங்களுக்குக் காத்து வேணும்.”

“என்னையத் தள்ளி வச்சிட்ட. நேரே சொல்லு, நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்.” சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அவளுக்கு வாய்விட்டு அழ வேண்டும் போல் இருந்தது. உண்மையைச் சொன்னால் பைத்தியம் என்பான். அழாமல் தைலத்தைத் தடவிவிட்டு, தன் கட்டிலில் ஒரு வெள்ளை விரிப்பை விரித்து, கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

கட்டி இளகியது.

முதலில் ஓரம் மெத்தென்றானது. பிறகு கண் இமையைக் கீழே இழுத்த வீக்கம் வற்றியது. வாடை குறைந்தது. ஸ்டெபின் இட்லியைக் கரைத்துக் குடிப்பதை விட்டுவிட்டுப் பிட்டுத் தின்ன ஆரம்பித்தான். கேத்ரின் அடுப்படிக்குள் போய்ச் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். எம்புட்டு நாளாயிற்று அவள் சிரித்து! தனுஷ்கோடியும் அவருடைய எண்ணும் நாசமாய்ப் போகட்டும்.

தினமும் தன் கட்டிலை மட்டும் பார்த்துக்கொண்டாள். விரிப்பில் ஒன்றும் இல்லை. தட்டிப் பார்த்தாள், மெத்தையைப் புரட்டிப் பார்த்தாள், மோந்து பார்த்தாள். லேசான ஈரம் இருந்தது. ஜன்னலில் ஈரத்துணி கட்டியிருக்கிறதே, அதனால் இருக்கும். கொஞ்சம் சூடாகவும் இருந்தது. கத்திரி வெயிலில் எந்த மெத்தைதான் சுடாது?

ஒரு நாள் காலையில் அவன் தோசை தின்றுகொண்டே சொன்னான், “கோவம் தீந்து வந்து படுத்தியே, அதுவே போதும்.”

அவள் கையில் இருந்த கரண்டி நின்றது.

“எப்ப?”

“நேத்து. முந்தாநேத்தும்தான். நான் தூங்குதேன்னு நெனச்சியாக்கும்? பேசுனா நீ எந்திரிச்சுப் போயிருவன்னு சும்மா கெடந்தேன். உன் கை என்ன அப்படிச் சுடுது? காய்ச்சல் அடிக்கா?”

“இல்ல,” என்றாள். “இல்லங்க.” அடுப்பில் தோசை கருகியது.

அவன் குளிக்கப் போனதும் உள்ளே போய்ப் பார்த்தாள். ஈரத்துணி காய்ந்து தொங்கியது. அவள் கட்டிலில் விரிப்பு ஈரமாக இருந்தது. நடுவில் ஒரு பள்ளம். ஒரு ஆள் படுத்து எழுந்த நீளத்துக்கு இல்லை, அதைவிடக் குட்டையாக, அகலமாக. அவன் முகத்தில் இருந்து போய்விட்ட வாடை அங்கே இருந்தது. தலையணை ஓரத்தில் கஞ்சிக் கறை. அவன் கஞ்சி குடிப்பதை நிறுத்தி எவ்வளவோ நாள் ஆகியிருந்தது. அந்தக் கறை ஈரமாக, நக்கி விட்டாற்போல், விளிம்பில்லாமல் இருந்தது.

விரிப்பை உருவிக் கொல்லைக்குக் கொண்டுபோய் எரித்தாள். புகை கறி வாசம் அடித்தது.

தைலத்தை நிறுத்திவிடலாமா? புட்டியைக் கையில் எடுத்தாள். அவன் கன்னத்துக்குள் இன்னும் ஒரு புளியங்கொட்டை அளவு மிச்சம் இருந்தது. நிறுத்தினால் அந்தக் கொட்டை மறுபடி முளைக்கும், அவன் செத்துப்போவான். கட்டிலைப் பிரித்துப் போட்டாலும் அதே கதிதான். என்னதான் செய்து தொலைப்பது? இந்த வேதனையை யாரிடம் கொண்டுபோய்க் கொட்டுவது? வெங்கடேஸ்வரியிடம் சொன்னால் சிரிப்பாள். பாதிரியாரிடம் சொன்னால் எண்ணெய் பூச வருவார். எண்ணெய்! அவளுக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்தது.

தடவினாள். அன்றும் தடவினாள், அடுத்த நாளும் தடவினாள். அந்த அறைக் கதவை வெளியில் தாழ்ப்பாள் போட்டுவிட்டு முன்னறையில் விழித்துக் கிடந்தாள். உள்ளே அவன் குறட்டை. அதற்குக் கீழே இன்னொரு மூச்சு. நனைந்த சாக்கை இழுப்பது போல ஒரு மூச்சு. அவன் குறட்டை நிற்கும்போது அதுவும் நின்றது.

அவனைத் தட்டி எழுப்பி வெளியே இழுத்து வரலாம். கதவருகே போனாள். புளியங்கொட்டை நினைவுக்கு வந்தது. திரும்பிவிட்டாள்.

கொட்டையும் கரைந்த பிறகு மதுரைக்கு அழைத்துப் போனாள். ஸ்கேன் எடுத்தார்கள். சந்தேகப்பட்டு மறுபடி எடுத்தார்கள். பெரிய டாக்டர் கன்னத்துக்குள் விரலை விட்டுத் தடவித் தடவிப் பார்த்தார். பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“கட்டி எங்கம்மா போச்சு?” என்றார் சிரித்துக்கொண்டே.

ஸ்டெபின் ஆஸ்பத்திரி வாசலில் நின்று குழந்தை மாதிரி அழுதான். அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். “ஏட்டி, நான் பொழச்சிட்டேன். என்னையப் பொழைக்க வச்சிட்ட.” அவளும் அழுதாள். உண்மையான சந்தோசம்தான், அதில் பொய்யே இல்லை. வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக அந்தக் கட்டிலைப் பிரித்து, மெத்தையைக் கொளுத்தி, அறையைப் பினாயில் ஊற்றிக் கழுவிவிட வேண்டும். இனி அவனுக்குக் காலி இடம் தேவையில்லை. அவன் குணமாகிவிட்டான். எல்லாம் முடிந்துவிட்டது.

வீடு வந்து சேரும்போது பொழுது மங்கியிருந்தது. தெருவில் கரண்ட் இல்லை. தறிச் சத்தம் நின்று போயிருந்ததால் காது அடைத்தது போல் இருந்தது.

“ஒரே கசகசப்பு. நான் ஒரு குளியலப் போட்டுட்டு வாரேன். பொறவு நல்லாக் காரமா ஒரு கொழம்பு வையி,” என்று ஸ்டெபின் கொல்லைப் பக்கம் போனான். வாளியில் தண்ணீர் விழும் சத்தம். ஒரு ஞானப் பாட்டை முழு வாயையும் திறந்து, ராகமே இல்லாமல் பாடினான். கேத்ரின் நின்று கேட்டாள். இந்தக் குரலைக் கேட்கத்தானே இத்தனை பாடும்.

தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு அறைத் தாழ்ப்பாளை நீக்கினாள்.

சூடு முகத்தில் அடித்தது. ஈர மண் வாடை. மோர் வாடை. அதற்கு மேலே பழைய புண்ணின் வாடை.

அவள் கட்டிலில் விரிப்பு உயர்ந்திருந்தது.

போகும்போது தட்டையாக விரித்துவிட்டுப் போன விரிப்பு. இப்போது அதற்குக் கீழே ஒரு மேடு. ஏறி இறங்கியது. மெல்ல. ஏறி இறங்கியது.

ஓட நினைத்தாள். கால் வரவில்லை. கை மட்டும் போனது. விரிப்பின் முனையைப் பிடித்து இழுத்தாள். ஒட்டிக்கொண்டிருந்தது. பிசுபிசுவென்று பிரிந்து வந்தது.

கண் இல்லை. மூக்கு இல்லை. கை இருந்தது, ஒன்று, விரல்கள் இன்னும் பிரியாமல். மற்றது எல்லாம் கன்னம். ஒரே கன்னம். ரோமம் முளைத்த, உயிருள்ள, இளஞ்சூடான கன்னம். அவன் நாலு நாள் சவரம் செய்யாமல் விட்டால் வளருமே, அந்த மீசை நிறத்து ரோமம். நடுவில் ஒரு கீறல் இருந்தது. அது ஈரமாக இருந்தது. அதில் பல் இருந்தது.

தீப்பெட்டி கீழே விழுந்தது.

கொல்லையில் பாட்டு நின்றது. செருப்புச் சத்தம். “கேத்ரின்? துண்ட எங்கட்டி வச்ச?” அவன் குரல் அடுப்படியைத் தாண்டி வந்தது. “கட்டிலப் பிரிக்கணும்னு வழியில சொன்னியே, பிரிக்காத. இன்னைக்காவது பக்கத்துல படு. என்ன?”

அது கேட்டது. காது இல்லாமல் கேட்டது. அந்தக் கீறல் ஓரங்களில் மேலே இழுபட்டது.

வராதீங்க என்று கத்தினாள். சத்தம் வெளியே வரவில்லை.

அவனுடைய ஈரக் கால் அறை வாசற்படியில் பதிந்தது. கட்டிலின் மரச் சட்டம் முனகியது. அது தன் பாரத்தை எல்லாம் கூட்டிக்கொண்டு, மெத்தையில் இழுபட்டு, கட்டிலின் ஓரத்துக்கு நகர்ந்து, அவனுக்கு இடம் விட்டது.